கீழே வைக்காத குப்பி

"குப்பியைக் கீழே வை ஒன்னி. அது எங்கேயும் ஓடிப் போயிடாது."

"பரவாயில்ல ஹெல்வி. கையிலயே இருக்கட்டும்."

பின்லாந்தின் துர்கு நகரக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வேதியியல் செய்முறை சொல்லிக்கொடுப்பவள் ஹெல்வி. ஆளுக்கொரு குப்பியில் பெயர் எழுதாத திரவம். காலையில் ஒளிக்கதிர்க் கருவி, பிற்பகலில் காந்தக் கருவி. இரண்டும் வரைந்து தரும் கோடுகளைச் சேர்த்துப் பார்த்து, உள்ளே இருப்பது இன்னதென்று சொல்ல வேண்டும். ஒன்னிக்கு இது மூன்றாவது முயற்சி. இதிலும் தவறினால் படிப்பையே விட வேண்டியதுதான்.

சென்ற இரண்டு தடவையும் அவள் ரகசியமாகக் கைகொடுத்திருந்தாள். அப்படியும் தேறவில்லை, பாவம். இன்று அவனுக்கு வாய்த்திருந்ததோ, பேரைச் சொன்னாலே வாய் சுளுக்கும் சரக்கு. ஹெல்வியின் கோட்டுப் பையில் எளிதில் அடையாளம் தெரியும் எத்தில் அசிட்டேட் குப்பி ஒன்று தயாராக இருந்தது. ஆளைக் கொஞ்சம் கிளப்பினால் போதும், மாற்றி வைத்துவிடலாம்.

"வா, காப்பி குடிக்கலாம். ஏலக்காய் பன் சூடா இருக்கு."

வந்தான். ஒரு கையில் பன், மறு கையில் குப்பி.

கை தவறியதுபோல் அவன் கோட்டில் காப்பியைக் கொட்டினாள். "ஐயையோ! கழட்டு, கழட்டு!"

கழற்றினான். குப்பி காற்சட்டைப் பைக்குள் போனது. கோட்டுப் பையில் மடித்து வைத்திருந்த காலை வரைபடம்தான் காப்பியில் ஊறிப்போனது. அதை மறுபடி எடுக்க வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

"இப்படிக் குடுடா, மூடி சரியா இருக்கான்னு பாக்குறேன்."

"நல்லா இருக்கு ஹெல்வி. விடுங்க."

இவள் இழுக்க, அவன் விடாமல் பிடிக்க, அவள் பையிலிருந்த குப்பி தரையில் விழுந்து உடைந்தது. அறை முழுக்க நகப்பூச்சு அழிக்கும் வாடை. ஜன்னல்களைத் திறந்து போட்டுவிட்டு மொத்த வகுப்பும் குளிரில் வெடவெடத்தது. இனி அவனை ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும் என்று ஹெல்வி ஓய்ந்து உட்கார்ந்தாள்.

மாலையில் ஒன்னி விடைத்தாளை நீட்டினான். பயந்து பயந்து படித்தாள். ஒரு கோடு விடாமல் எல்லாம் சரி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எப்படிடா பண்ணே?"

"சும்மா... வந்துடுச்சு." முகம் சிவக்க வெளியே ஓடினான்.

பக்கத்து மேசையில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்த அவன் தோழி கைசா திரும்பினாள்.

"தப்பா நினைக்காதீங்க ஹெல்வி. போன ரெண்டு தடவையும் நடுவுல குப்பியை மாத்தி வச்சீங்களே, காலைல ஒண்ணு மத்தியானம் ஒண்ணுன்னா எப்படிப் பொருந்தும்? சொன்னா உங்க மனசு நோகுமேன்னு பேசாம ஃபெயிலாயிட்டுப் போனான்."