ஆளுக்கொரு புனிதர்

பொன்னம்மாள் பேச்சை நிறுத்தி அன்றோடு நான்கு நாள்.

காபி வந்தது. சோறு வந்தது. துவைத்த சட்டை மடிப்புக் கலையாமல் கட்டிலுக்கு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. "ரசத்துல உப்பு கொஞ்சம் கம்மியோ" என்று பரமசிவம் தூண்டில் போட்டுப் பார்த்தார். அவள் உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

உடம்புக்கு ஏதோ என்று பயப்படவும் வழியில்லை. பாத்திரம் தேய்க்க வரும் சின்னம்மாளிடம் கலகலவென்று பேசினாள். சென்னையில் இருக்கும் மகள் காயத்ரியிடம் போனில் முக்கால் மணி நேரம் பேசினாள். பரமசிவம் கூடத்துக்குள் கால் வைத்ததும் குழாயை மூடியதுபோல் எல்லாம் நின்றது. ஆக, கோபம் தன்மேல்தான். எதற்கு என்பதுதான் தெரியவில்லை.

பரமசிவம் முப்பத்து நான்கு வருடமாகச் சுரங்கத்தில் மண்வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டுகிறவர். ஓய்வுக்கு இன்னும் ஒரு மாதம்தான். இரண்டு வாரத்துக்கு முன்பு அடைமழையில், அவர் இயந்திரத்தை விட்டு இறங்கி வந்த இடத்துக்கு இருபதடி தள்ளி மின்னல் விழுந்தது. அதற்குக்கூட அவர் இவ்வளவு ஆடிப்போகவில்லை. வீட்டில் வந்து அதை வேடிக்கையாகத்தான் சொன்னார்.

சாயங்காலம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அருளப்பனிடம் போய்ப் புலம்பினார். அருளப்பன் தூத்துக்குடிக்காரர், இதே மைன்ஸில் இருந்து ரிட்டையரானவர். மனைவி பிலோமினா இன்னும் கம்பெனிப் பள்ளியில் டீச்சராக இருப்பதால் குவார்ட்டர்ஸ் கைவிட்டுப் போகவில்லை.

"என்னவே தப்பு செஞ்சீரு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வாரேன்?"

அருளப்பன் உள்ளே போய், செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். "இதைப் பாரும். எங்க புனிதர்கள் எல்லாரும் இதுல இருக்காங்க. பிலோமினா யாருக்கோ இரவல் குடுத்து, போன வாரந்தான் திரும்பி வந்துச்சு."

"எனக்கு அந்தோணியாரைத் தெரியும், சவேரியாரைத் தெரியும்."

"அவங்கல்லாம் ஊரறிஞ்சவங்க. எந்நேரமும் கூட்டம். இதுல இருக்கிற மத்தவங்ககிட்ட அவ்வளவா ஆள் போறதில்ல. உம்ம மனு சட்டுன்னு மேல வரும்."

பரமசிவம் பக்கத்தைப் புரட்டினார். பல்வலிக்கு அப்பொலோனியா. தொண்டைக்கு பிளாசியுஸ். சாவி தொலைந்தால் சீத்தா. பரீட்சைக்குக் கூப்பர்த்தீனோ சூசை. காலையில் எழுந்திருக்க முடியாதவர்களுக்கு வீத்துஸ்.

"அடடா, இவரை முன்னாடியே தெரிஞ்சிருந்தா முதல் ஷிப்டுக்கு எத்தனை லேட் மிச்சமாயிருக்கும்."

"சிரிக்காம படியும்."

படித்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றுபோனது. அப்பொலோனியாவின் பற்களை அடித்து நொறுக்கியிருக்கிறார்கள். சீத்தா வாழ்நாள் முழுக்க ஒரே வீட்டில் வேலை செய்தவள், கொத்துக் கொத்தாக அடுத்தவர் சாவியைச் சுமந்தவள். சூசைக்குப் படிப்பே ஏறாதாம். ஆனால் ஜெபத்தில் உட்கார்ந்தால் தரையைவிட்டு மேலே எழும்புவாராம்.

பரமசிவத்துக்குச் செக்‌ஷன்கள் புதிதல்ல. மைன்ஸ் ஆபீஸில் லீவுக்கு ஒரு செக்‌ஷன், பைப் ஒழுகினால் ஒன்று, பல்பு மாற்ற ஒன்று. ஆனால் குழாய் ஒழுகாத வீட்டில் இருப்பவர்தான் அங்கே பைப் செக்‌ஷனில் உட்கார்ந்திருப்பார். இங்கேயோ, ஒருவருக்கு எந்த வலி வந்ததோ அந்த வலிக்கே அவரைப் போட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு போஸ்டிங்கை அவர் கேள்விப்பட்டதே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"என் கேசுக்கு யாரு?"

"குடும்பச் சிக்கலுக்கு ரீத்தா. கொட்டுற பனியில ரோஜா கேட்டாங்களாம், பூத்துச்சாம்."

மறுநாள் மெயின் பஜாரில் ஒற்றைச் சிவப்பு ரோஜா வாங்கி, காபி டம்ளர் பக்கத்தில் வைத்தார். பொன்னம்மாள் எடுத்தாள். பார்த்தாள். தலையில் வைக்கவில்லை. கரண்ட் போகும் என்று சில நாளாக அலமாரியில் ஏற்றுகிறாளே ஒரு மெழுகுவர்த்தி, அதன் அடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"தலையில வைக்கலைன்னா மன்னிக்கலைன்னு அர்த்தம்," என்று தீர்ப்பு சொன்னார் அருளப்பன். "கேஸ் முத்திப்போச்சு. இவரைப் பாரும்."

அவர் காட்டிய பக்கத்தில் நெப்போமுக் யோவான் இருந்தார். ராணி பாவ மன்னிப்புக் கேட்டுப் பாவசங்கீர்த்தனத்தில் தன்னிடம் சொன்னதை ராஜா கேட்டும் சொல்லாத சாமியார். பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளினார்களாம். அவர் விழுந்த இடத்தில் தண்ணீர்மேல் நட்சத்திரங்கள் மிதந்தனவாம்.

பரமசிவத்தின் கைமயிர் குத்திட்டு நின்றது. "உசிரு போறப்பக்கூடவா சொல்லல?"

"சொல்லல."

"அந்த ராணி அப்படி என்னத்த சொல்லியிருப்பா?"

"யாருக்குத் தெரியும்? அதுதானவே பெருமை." அருளப்பன் குரலைத் தாழ்த்தினார். "செஞ்ச தப்பைச் சொல்லிட்டா மனசு லேசாயிரும். உமக்கு எந்தத் தப்புன்னுதான் தெரியல. ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே வாரும். எது சரியான தப்போ, அது வந்ததும் தங்கச்சி தானா பேசும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பரமசிவம் ஆரம்பித்தார். "நீ டப்பாவுல குடுத்து விடுற எலுமிச்சை ஊறுகாயை நான் தின்னதே இல்ல. எல்லாம் கூட வேலை பாக்குற சக்கரபாணிக்குத்தான். பதினெட்டு வருஷமா."

பொன்னம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். டங்கென்று சத்தம் கேட்டது. பேச்சு வரவில்லை.

ஆறாம் நாள், சின்னத் தப்பால் வேலையாகாது என்று நினைத்தார். "நெல்லிக்குப்பத்துல உன் சித்தி மகன் கல்யாணத்தப்ப, மிஷின் பிரேக்டவுன், லீவு தரமாட்டாங்கன்னு சொன்னேனே. லீவு குடுத்தாங்க. நானும் அருளப்பனும் கிளப்புல கேரம் ஆடினோம்."

பொன்னம்மாளின் மூக்கு விடைத்தது. உதடு பிரிந்தது. வந்துவிட்டது என்று பரமசிவம் நிமிர்ந்தார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

ஏழாம் நாள் கிளி. "உன் கிளி தானா பறந்து போகலம்மா. நான்தான் கூண்டைத் திறந்து விட்டேன். அது உன் குரல்லயே 'ஏங்க, காய் வாங்கிட்டு வாங்க'ன்னு என்னை விரட்டுச்சு. ஒரு வீட்டுல ரெண்டு பேருக்குப் பதில் சொல்ல முடியல."

அன்று அவளுடைய பாய் கூடத்துக்குப் போனது.

எட்டாம் நாள் பரமசிவத்திடம் மிச்சம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இருபத்திரண்டு வருடம் யாரிடமும் சொல்லாதது. சொல்லிவிட்டு ஆற்றில் குதிப்பது மேல் என்று நினைத்தார். ஆனால் அந்த வீட்டில் அவள் குரல் தன்னைத் தொடாத இன்னொரு நாளை நினைத்தால், அதைவிடப் பயமாக இருந்தது.

"பிளாக் பத்தொம்பதுல உங்கக்கா திலகவதி வூட்டுக்கு எதிர்க்க நமக்குக் குவார்ட்டர்ஸ் குடுத்தாங்க. கேன்சலாயிருச்சுன்னு சொன்னேனே. கேன்சல் பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்தவனே நான்தான்."

பொன்னம்மாள் அவரை வெகுநேரம் பார்த்தாள். கண் சிவந்தது. இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஷிப்ட் முடிந்ததும் பரமசிவம் நேரே அருளப்பன் வீட்டுக்குப் போனார். ஆள் இல்லை. நாற்காலியில் புத்தகம் மட்டும் இருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. புத்தகத்தைத் திறந்ததும் தானாக ஒரு பக்கம் விரிந்தது. பலமுறை விரித்த பக்கம். ஓரத்தில் மஞ்சள் விரல் தடம். குழம்புக் கையோடு தொட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

படத்தில் ஒரு பெண், பக்கத்தில் ஒரு கோபுரம். பேர் பார்பரா. அப்பனே கோபுரத்தில் அடைத்து வைத்தானாம். அப்பனே கழுத்தை வெட்டினானாம். வெட்டிவிட்டுத் திரும்பியவன் தலையில் மின்னல் இறங்கியதாம். ஆகவே மின்னலுக்கும் வெடிக்கும் இவளே காவல். சுரங்கம் தோண்டுகிறவர்கள் எந்த நாட்டிலும் முதலில் இவளை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே இறங்குவார்களாம். ஒன்பது நாள் நோன்பு. திருநாள் டிசம்பர் நாலு.

நாளைக்கு.

பரமசிவம் எழுந்து நின்றார். முப்பத்து நான்கு வருடம். எத்தனை மழை, எத்தனை மண்சரிவு. அந்த இருபதடி. இத்தனை காலம் தலைக்குமேல் ஒருத்தி நின்றிருக்கிறாள். பேர்கூடத் தெரியாமல் தினமும் அவளைத் தாண்டி ஷிப்டுக்குப் போயிருக்கிறார். அவர் தன்னை அறியாமல் கைகூப்பினார். வெளியே இடி உருண்டு தூரமாகப் போனது.

நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். பொன்னம்மாள் அடுக்களையில் மெழுகுவர்த்தி முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கொல்லைக் குழாயடியில் சின்னம்மாள் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மா, நீயாவது சொல்லு. எதுக்கு இந்தக் கோவம்? என்கிட்ட இருந்த தப்பையெல்லாம் சொல்லிட்டேன். இனிமே சொல்ல ஒண்ணும் இல்ல."

சின்னம்மாள் கை நின்றது. "எல்லாத்தையுமா சொன்னீங்க?"

"கிளி வரைக்கும். குவார்ட்டர்ஸ் வரைக்கும்."

சின்னம்மாள் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அவரைப் பாவமாகப் பார்த்தாள்.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல சார். அந்த மின்னல் வுழுந்த அன்னிக்கே பயந்துகினு, உங்க உசுருக்கோசரம் ஒம்போது நாளு தனக்கு ரொம்பப் புடிச்சத வுட்டுடறேன்னு டீச்சரம்மா வூட்டு பார்பரா சாமிக்கு வேண்டிகினாங்க. அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சது உங்ககிட்ட பேசறதுதான், நாளைக்கு காலைல ஆறு மணிக்கு விரதம் முடியுது, பேச வேண்டியதையெல்லாம் சேத்து வச்சிகினு இருக்காங்க."