ஒழுங்கையார் கேட்ட நாலு கேள்வி

டென்மார்க்கில் நடந்த தமிழ்க் கலியாணங்களுக்கு ஐயர்மார் பொறுப்பென்றால், நடக்காமல் போன அத்தனைக்கும் ஒழுங்கையார் ஒருவரே பொறுப்பு. இக்காஸ்ட் நகரத்துத் துணித் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். சந்து என்பதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒழுங்கை என்போம். ஆளைக் கண்டால் இவர் விசாரிப்பது சுகத்தை அல்ல, ஒழுங்கையை. அதனால் வந்த பெயர்.

சம்பந்தம் பேசினால் சாதகம் பார்ப்பது பிறகு. முதலில் ஒழுங்கையாருக்குத்தான் போன். அவர் நாலே கேள்வி கேட்பார். ஊர் எது? ஊரில எவடம்? எந்தக் கோயிலடி? நாலாவதை மட்டும், தேத்தண்ணிக்குச் சீனி போடுவதா என்று கேட்பதுபோல மெல்லமாக விடுவார்.

"தண்ணி ஆரின்ர கிணத்தில அள்ளினனீங்கள்?"

அந்தப் பதிலோடு எதிராளியின் சாதி அவர் கொப்பியில் ஏறிவிடும். இங்கே பிறந்த பொடியன் ஒருவன், "தண்ணி கொம்யூன்தான் தாறது, அங்கிள்" என்றான். நகரசபை எந்த ஊர் ஆட்கள் என்று இவர் இரண்டு நாள் யோசித்ததாகச் சொல்வார்கள்.

காலையில் கோப்பியோடு இணையத்தில் மரண அறிவித்தல் படிப்பது அவருடைய தேவாரம். 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், டென்மார்க்கை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்குமே, அந்தப் பிறப்பிடத்தோடு நின்றுவிடுவார். மனிதர் எதனால் செத்தார் என்பது அவருக்குத் தேவையில்லை.

எனக்கும் ஒரு சம்பந்தம் வந்தது, மாப்பிள்ளை கோல்டிங் நகரத்தில். அவரும் நானும் இரண்டு தரம் சந்தித்துக் கதைத்தோம். எனக்குப் பிடித்திருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது? அவருடைய தாய் ஒழுங்கையாருக்குப் போன் எடுத்தார். ஒழுங்கையார் அப்பாவுக்கு எடுத்தார். அப்பாவுக்குப் பொய் வராது. நாலாவது கேள்விக்கு, "எங்களை அள்ள விடேல்லை. அவையள் அள்ளி ஊத்துவினம், நாங்கள் ஏந்துவம்" என்றார்.

தீர்ப்பு அன்றைக்கே கோல்டிங்குக்குப் போனது. "ஆக்கள் நல்லம். ஆனா எங்கட ஆக்கள் இல்லை." அதற்குப் பிறகு அப்பா யார் வீட்டுக் கலியாணத்துக்கும் போகவில்லை. நான் ஒழுங்கையாரைப் பதினொரு வருடம் வெறுத்தேன். சலிப்பில்லாமல், ஒழுங்காக வெறுத்தேன்.

பிறகுதான் கடவுளுக்குக் கண் தெரிந்தது. கோப்பன்ஹேகன் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் அவருடைய ஒரே மகள், கூட வேலை செய்த கறுப்பு அமெரிக்கரைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டுத்தான் வீட்டுக்கே சொன்னாள். ஒழுங்கையார் இரண்டு மாதம் வெளியே தலை காட்டவில்லை. ஒரு பேத்தி பிறந்தது. அதன் பிறகு ஒருநாள் நான் வேலை செய்யும் நூலகத்துக்கு வந்தார். அங்கே படிவம் நிரப்ப உதவுவதும் என் வேலை.

"பிள்ளை, மருமகன் ஆர் தெரியுமே? அமெரிக்காவில க்ரீக் எண்டு ஒரு பூர்வகுடி. அவையளிட்டப் பழைய பட்டியல் ஒண்டு இருக்கு. அதில பாட்டன் பூட்டன்ர பேரைக் காட்டினாத்தான் குடியுரிமை அட்டை. எங்களிட்டக்கூட இல்லாத ஒழுங்கு! பேத்திக்கு அந்த அட்டை எடுக்கோணும்."

வெட்கம் என்பது கிஞ்சித்தும் இல்லை. எழும்பிப் போங்கோ என்று சொல்லியிருக்கலாம். வேடிக்கை பார்க்கும் ஆசையில் சொல்லவில்லை. கணினியில் மருமகனைக் கூப்பிட்டேன். ஒழுங்கையார் கொப்பியை விரித்தார்.

"முதல்ல கேள், ஊர் எது?"

சத்தியமாக, நான் அவ்வளவு சந்தோஷமாக எதையும் மொழிபெயர்த்ததில்லை. மருமகன் நல்ல மனிதர், பொறுமையாகப் பதில் சொன்னார். ஒக்லஹோமாவில் ஓர் ஊர். ஊரில் ஆற்றங்கரைப் பக்கம். கோயிலடிக்குப் பதில் ஒரு சிறிய தேவாலயம். ஒழுங்கையார் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். நாலாவது கேள்வி போனது. மருமகன் சொன்னார்:

"என் பூட்டனின் தாய், ஒரு க்ரீக் பணக்காரரின் கிணற்றில் தண்ணீர் அள்ளினாள். கிணறு அவருடையது. அவளும் அவருடையவள்தான். அடிமை."

அவள் பேசியது க்ரீக் மொழி. அமெரிக்க அரசு க்ரீக் மக்களை ஊரைவிட்டு அடித்துத் துரத்தியபோது அவர்களோடு சேர்ந்து நடந்தவளும் அவள்தான். ஆனால் பேர் பதியும்போது பட்டியல் இரண்டானது. ஒன்று, இரத்தத்தால் க்ரீக். மற்றது, அடிமையாக இருந்து விடுபட்டவர்கள். அவள் பிள்ளைகள் இரண்டாவதில். முதல் பட்டியலில் பேரைக் காட்டினவர்களுக்குத்தான் அட்டை.

"ஆர் பிரிச்சவங்கள்?" என்றார் ஒழுங்கையார்.

"அரசாங்க எழுத்தர்கள். பலரை முகத்தைப் பார்த்தே பிரித்தார்களாம்."

"ஒரு கேள்வியும் கேக்காமலோ? சீ, வேலை தெரியாதவங்கள்!" பேனையை மூடினார். "அப்ப பிள்ளைக்கு அட்டை?"

இப்போதுதான் அங்கே நீதிமன்றம் இவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, கையில் வரும்வரை நம்பமாட்டேன் என்றார் மருமகன். ஒழுங்கையாருக்கு முகம் சிவந்தது.

"தொட்டில்ல கிடக்கிற பச்சைப் பிள்ளை! அதிட்டப் போய் ஆரின்ர கிணறெண்டு கேக்கிறாங்களே, இவங்களும் மனிசரே?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

"ஐயா, எங்கட அப்பாவும் அண்டைக்கு உங்கட தீர்ப்பைக் கேட்டிட்டு இதைத்தான் கேட்டவர்" என்றேன்.

அவர் கொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்காதீர்கள். கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டு மணியை அடித்தார். உள்ளே வந்து, அப்பாவுக்கு முன்னால் கதிரையில் இருந்து, "கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றார். எங்கள் வீட்டில் அவர் அதுவரை ஒரு சொட்டுக் குடித்ததில்லை. குடித்தார். இன்னொரு குவளை கேட்டார். அப்பா வார்த்துக் கொடுத்தார். அவர் போனபின், "கிழவனுக்குச் சீனி வியாதியாக்கும்" என்று சொல்லிவிட்டு அப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு குவளைத் தண்ணீரில் பதினொரு வருடம் கரையாது. கரையவும் இல்லை. ஆனால் மாதாமாதம் அவர் நூலகத்துக்கு வந்து, "பிள்ளை, அட்டை வந்திட்டுதே?" என்று கேட்பார். இல்லை ஐயா என்பேன். "விடாதை, திருப்பி எழுது" என்பார். எழுதுவேன்.

சென்ற மாரியில் படுக்கையில் விழுந்தவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தன் மரண அறிவித்தலைத் தானே சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார்.

"பிறப்பிடம் போடாதை. இக்காஸ்டை மட்டும் போடு. ஊரைப் போட்டா ஆரும் என்ர ஒழுங்கையைத் தேடுவாங்கள்."

அவர் கண்ணை மூடியதும் அப்படியே போட்டேன். பேத்தியின் அட்டை இன்னும் வரவில்லை. அறிவித்தல் வந்த அன்று காலை, தொடர்புக்கென்று போட்ட என் எண்ணில், தெரியாத ஒரு முதிய குரல்.

"பிள்ளை, பிறப்பிடம் விடுபட்டுப் போச்சு. ஆள் ஊரில எவடம்?"

ஊர், கோயில், கிணறு எல்லாம் எனக்குத் தெரியும்.

"எங்கட ஆள்தான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.