அஜின்கோர்ட்டில் விரியாத தாமரை

"ஏலாது" என்ற சொல்லை உரிய நேரத்தில் சொல்லத் தெரியாதவன் நான். யார் எதைக் கேட்டாலும் வாய் முந்திக்கொண்டு "ஓம்" என்று சொல்லிவிடும். மூளை இரண்டு நாள் கழித்து ஆறுதலாக வந்து சேரும். அப்படி ஒரே சனிக்கிழமைக்கு இரண்டு "ஓம்" சொன்னதால்தான் எங்கள் குடும்ப விழாவொன்றுக்குத் தீயணைப்பு வண்டி வந்தது.

முதல் "ஓம்" தேவகி மச்சாளுக்கு. மச்சாள் என் மனைவி நளாயினியின் அக்கா. அவருடைய மகள் அஞ்சலி பெரியபிள்ளையானதற்கு ரொறொன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு விழா ஹோலில் சாமத்தியவீடு வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் மச்சாளின் சிநேகிதி ஒருத்தி தன் மகளை ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கியிருந்தாள். அன்றிலிருந்து மச்சாளுக்கு நித்திரை இல்லை. கடைசியில் பெரிய ரோஜா நிறத் தாமரை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். மேடையில் மூடியபடி இருக்கும். மோட்டார் சுழல இதழ்கள் மெல்ல விரியும். உள்ளேயிருந்து பிள்ளை எழுந்து வரும்.

"தம்பி, நீர் கரண்ட் படிச்ச ஆள். ஹோலிலை கரண்ட் விசயம் முழுக்க உம்மடை பொறுப்பு," என்றார் மச்சாள்.

"ஓம் மச்சாள்."

இரண்டாவது "ஓம்" என் மேலாளர் மார்கரெட்டுக்கு. மாகாணத்தின் மின்கட்டமைப்பைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது நான் எழுதிய ஓர் அறிக்கை: ஐரோப்பிய நாடுகளின் மின்கடத்தல் நிறுவனங்கள் எப்படி ஒத்துழைக்கின்றன என்பது பற்றி அறுபது பக்கம்.

விசயம் எளிமையானதுதான். பெரிய கோபுரங்கள் வழியே மின்சாரத்தைக் கொண்டுபோக அங்கே ஒவ்வொரு நாட்டிலும் ஒரு நிறுவனமாவது இருக்கும். அவர்களுடைய கம்பிகள் எல்லை தாண்டி ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒரு மூலையில் பெரிய மின்நிலையம் நின்றுபோனால் மறுமூலையிலும் அது தெரியும். ஆகவே ஒருவருக்கொருவர் ஓயாமல் தகவல் சொல்லி, மிஞ்சுகிற இடத்திலிருந்து குறைகிற இடத்துக்கு அனுப்பி, ஒரே குடும்பம்போல நடந்துகொள்ள வேண்டும். (எங்கள் குடும்பத்தைச் சொல்லவில்லை.)

அந்த நிறுவனங்களிலிருந்து மூன்று பேர் ஒரு வாரக் கூட்டத்துக்காக ரொறொன்ரோ வந்திருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து ஹெல்கா, பிரான்சிலிருந்து ரெமி, போலந்திலிருந்து மாரெக். ஞாயிற்றுக்கிழமை விமானம். "சனிக்கிழமை நீ அவர்களைக் கவனித்துக்கொள்வாய்தானே? அவர்களுடைய ஒத்துழைப்பைப் பற்றி உன்னைவிட யாருக்குத் தெரியும்?" என்று மார்கரெட் கேட்டார்.

பிறகு என்ன, ஓம்தான்.

இரண்டு பொறுப்பையும் ஒரே இடத்தில் முடித்துவிடலாம் என்று எனக்கு நானே ஒரு திட்டம் போட்டேன். அது எவ்வளவு கெட்டித்தனமான திட்டம் என்று அன்று காலை கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கூடக் கொண்டேன். விருந்தினரை ஹோட்டலில் ஏற்றிக்கொண்டு அஜின்கோர்ட்டுக்குக் காரை விட்டேன்.

"என்ன விழா?" என்று ஹெல்கா கேட்டார்.

"பிறந்தநாள் மாதிரி," என்றேன்.

"மாதிரி என்றால்?"

நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

ஹோலில் எனக்கு இன்னொரு பெருமை காத்திருந்தது. எந்தச் சுவர் பிளக்கில் எதைக் கொழுவுவது என்று முதல்நாளே ஒரு வரைபடம் கீறி, பிளாஸ்ரிக் உறை போட்டு மேடைக்குப் பின்னால் ஒட்டியிருந்தேன். சமையல்காரரின் சூடாக்கிகள், பாட்டுப் போடுபவரின் பெட்டிகள், வீடியோக்காரரின் விளக்குகள், புகை மெஷின், எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம். தாமரைக்கு அருகிலிருந்த பிளக்குக்கு நேரே சிவப்பு எழுத்தில் "இதில் வேறு எதையும் கொழுவக்கூடாது" என்று எழுதியிருந்தேன். மூன்று பேரும் அதன்முன் நின்று தலையாட்டினார்கள். மாரெக் அதைப் படம்கூட எடுத்தார். என் உயரம் ஓர் அங்குலம் கூடியது.

அந்த உயரத்தில் இருந்தபோதுதான் ரெமி மெதுவாகக் கேட்டார். "கோப்பி கிடைக்குமா?"

ஹோலில் தேத்தண்ணி மட்டும்தான். ஆனால் சமையல் நடக்கும் குசினி மூலையில் நூறு கோப்பை கொள்ளும் மின்சாரக் கோப்பிப் பாத்திரம் ஒன்று கிடந்தது. தண்ணியும் தூளும் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன். குசினியிலே பிளக் எல்லாம் சூடாக்கிகளுக்குப் போய்விட்டது. எங்கே கொழுவுவது என்று சுற்றிப் பார்த்தேன். மேடைக்குப் பின்னால் ஓர் இடம் வெறுமையாக இருந்தது.

(ஓம். அதேதான். நான் கீறிய வரைபடம் என் மூக்குக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது.)

முன்னால் மேளமும் நாதஸ்வரமும் முழங்கின. சனம் கைபேசிகளை உயர்த்தியது. மச்சாள் சைகை காட்ட, பாட்டுப் போடுபவர் மோட்டாரை முடுக்கினார். இதழ்கள் ஒரு சாண் விரிந்தன. பின்னால் கோப்பித் தண்ணி அதற்குள் கொதிக்கத் தொடங்கியிருந்தது. "டக்" என்று ஒரு சத்தம். மேடை விளக்குகள் அணைந்தன. தாமரை நின்றது. அஞ்சலி உள்ளே.

ஒரு சாண் இடைவெளியால் இரண்டு கண்களும் ஒரு நெற்றிச்சுட்டியும் தெரிந்தன.

"சித்தப்பா, ஐ ஆம் லிட்டரலி ஸ்டக் இன் எ ஃப்ளவர்," என்றது தாமரை.

நான் பாய்ந்து கோப்பிப் பாத்திரத்தின் பிளக்கைப் பிடுங்கி, அதை மேசைத் துணிக்கு அடியில் தள்ளினேன். இனி விழுந்த பிரேக்கரைத் தட்டிவிட்டால் போதும். ஆனால் பிரேக்கர்ப் பெட்டி இருந்த அறை பூட்டியிருந்தது. திறப்பு ஹோல்காரரிடம். அவர் பிக்கரிங்கில். வர முக்கால் மணித்தியாலம் ஆகும் என்றார்.

மச்சாள் என் முன்னால் வந்து நின்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"தம்பி, என்ன நடந்தது?"

"ஓவர்லோட் போலை கிடக்குது மச்சாள். ஆரோ எதையோ கொழுவிப்போட்டினம்."

அந்த "ஆரோ"வை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

விருந்தினர் மூன்று பேரும் கோட்டைக் கழற்றிவிட்டு மேடைக்கு வந்துவிட்டார்கள். இப்படியொரு பிரச்சினைக்காகவே ஒரு வாரமாகக் காத்திருந்தவர்கள்போல முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். ஹெல்கா வரைபடத்தைச் சுவரிலிருந்து உரித்தெடுத்தார். வேறொரு பிளக்கிலிருந்து தாமரைக்கு வயர் இழுக்கலாம், ஆனால் அங்கே யாராவது ஒருவர் தன் சாமானை நிறுத்த வேண்டும் என்றார். உடனே ஒரு கூட்டம் கூடியது.

"ஆட்டிறைச்சி ஆறினால் சனம் என்னையெல்லோ பேசும்? வீடியோக்காரன்ரை லைற்றை நிப்பாட்டுங்கோ," என்றார் சமையல்கார அண்ணை.

"லைற் இல்லாமல் என்னத்தைப் பிடிக்கிறது? பாட்டை நிப்பாட்டச் சொல்லுங்கோ," என்றார் வீடியோக்காரர்.

பாட்டுப் போடுபவர் சமையல்காரரைக் காட்டினார்.

ஒரு சொல்லும் விளங்காத ரெமி பரவசத்தோடு மாரெக்கின் முழங்கையைப் பிடித்தார். "எங்கள் வருடாந்தக் கூட்டம் மாதிரியே இருக்கிறது."

மொழிபெயர்க்க நான் வாயைத் திறக்கும் முன்பே சாந்தி அன்ரி வந்துவிட்டார். மச்சாளின் கணவருடைய சொந்தக்காரி, இருபது வருடம் ஜெர்மனியின் டோர்ட்முண்டில் இருந்தவர். அவர் ஹெல்காவோடு ஜெர்மனில் கதைக்கத் தொடங்கியதும் ஐரோப்பிய நிபுணரான நான் வயர் பிடிக்கும் ஆளாகிவிட்டேன். இதற்கிடையில் நளாயினி இதழ் இடைவெளியால் அஞ்சலிக்கு வடையும் கைபேசியும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சையப்பா," என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உந்த மேசைக்குக் கீழை ஏன் ஆவி பறக்குது?"

நான் கேளாதவன்போல நடந்தேன்.

கடைசியில் ஹெல்கா முடிவைச் சொன்னார். உள்ளே கிடைக்காவிட்டால் அண்டை நாட்டிடம் கேட்பதுதான் வழி. அண்டை நாடு என்பது சுவருக்கு அப்பாலிருந்த பக்கத்து ஹோல். அங்கே மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று, பிள்ளை கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கிய முதல்நன்மைக் கொண்டாட்டத்தை வைத்திருந்தது. சாந்தி அன்ரியும் நானும் போய்க் கேட்டோம்.

"அதுக்கென்ன, வயரை இழுங்கோ," என்றார் அந்த வீட்டு அங்கிள். பிறகு யோசித்தார். "உங்களிட்டைப் புகை மெஷின் ஒண்டு கிடக்குதாமே. கேக் வெட்டேக்கை பத்து நிமிசம் தாருங்கோவன்."

ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது. என் அறிக்கையில் இதற்குத் தனி அத்தியாயமே உண்டு. அந்த மெஷின் எவ்வளவு புகை கக்கும் என்பதற்கு அத்தியாயம் இல்லை.

நாங்கள் வயரைப் பின்கதவு வழியாக இழுத்துக்கொண்டு பாதி தூரம்கூட வரவில்லை. அங்கே மெஷினைத் தாழ்வான கூரைக்குக் கீழே, புகைகாட்டும் கருவிக்கு நேரே வைத்து முடுக்கிவிட்டார்கள். கட்டடம் முழுவதும் அபாயமணி அலறியது. இரண்டு ஹோல்களிலிருந்தும் சனம் வாகனத் தரிப்பிடத்துக்கு ஓடியது.

"பிள்ளை உள்ளுக்கை," என்றார் மச்சாள். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

நெருப்பு இல்லை, வெறும் புகை மெஷின்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தாமரையை நோக்கி ஓடினேன். நல்லவேளை, ஹோலுக்கு ஹோல் வாடகைக்குப் போகிற தாமரை என்பதால் அதற்கு அடியில் உருளும் சில்லுகள் இருந்தன. மாரெக் முன்னால் இழுக்க, ஹெல்காவும் ரெமியும் நானும் பின்னால் தள்ள, சரக்கு ஏற்றும் பின்கதவு வழியாகத் தாமரை வெளியே வந்தது. வழிநெடுக உள்ளேயிருந்து, "ஸ்லோ, ஸ்லோ, ஐ ஹாவ் எ வடை," என்று குரல் கேட்டது.

தீயணைப்பு வண்டி வந்து நின்றது. இறங்கிய அதிகாரி தாமரையை ஒருமுறை சுற்றி வந்தார். தோளிலிருந்த வானொலியில், "ஒருவர் உள்ளே இருக்கிறார். ஒரு... பூவுக்குள்," என்று அறிவித்தார். அந்தப்பக்கத்திலிருந்து, "திரும்பச் சொல்," என்றார்கள்.

அவர் கடப்பாரையை எடுக்க, மச்சாள் பூவுக்குக் குறுக்கே கையை விரித்து நின்றார். அன்று முழுக்கப் பத்துச் சொல்கூடப் பேசாத மாரெக் அப்போது வாயைத் திறந்தார். "உங்கள் வண்டியில் பிளக் இருக்கிறதா?"

இருந்தது.

மாரெக் வயரைக் கொழுவப் போக, ஹெல்கா கையை உயர்த்தினார். "பொறு. முதலில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்." ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டார். ரெமி தயார். மாரெக் தயார். தீயணைப்பு அதிகாரி தயார். பிறகு என்னைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். "தயார்," என்றேன்.

தாமரை விரிந்தது. பாட்டுப்பெட்டி ஹோலுக்குள்ளேயே கிடந்தது. ஆனால் மேளக்காரருக்குக் கரண்ட் தேவையில்லை. அவர்கள் வண்டியோரமாக நின்று பிளந்துகட்டினார்கள். சிவப்பு விளக்குகள் சுழல, ஒரு கையில் கைபேசியும் மறுகையில் அரை வடையுமாக அஞ்சலி எழுந்தாள். இரண்டு ஹோல் சனமும் கைதட்டியது. வெள்ளை உடுப்புப் போட்ட முதல்நன்மைப் பிள்ளைகள் முன்வரிசையில் நின்று துள்ளினார்கள். மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். ஹெலிகொப்டர்க்காரி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். மச்சாளின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. ரொறொன்ரோவில் தீயணைப்பு வண்டியோடு இறங்கிய பிள்ளை அதுவரை யாருமில்லை.

திரும்பிப் போகும்போது காருக்குள் ஹெல்கா சொன்னார். "மேசைக்குக் கீழே இருந்த பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது." நான் வீதியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். "தவறு எல்லோருக்கும் வரும். எங்கள் வேலையில் ஒன்றுதான் முக்கியம். உன் பக்கத்தில் ஏதாவது நடந்தால் அண்டையில் இருப்பவனுக்கு உடனே சொல்லிவிடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு."

அன்றிரவே மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் தம்பி," என்றார். "வீடியோக்காரன் காட்டினவன்."

அவர் தாமரையைப் படம்பிடிக்கும்போது பின்னால் நானும் விழுந்திருக்கிறேன். பாத்திரத்தைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு வருகிறேன், குனிகிறேன், கொழுவுகிறேன், வேலை முடித்த திருப்தியோடு கையைத் தட்டிக்கொண்டு நிமிர்கிறேன், பூ ஒரு சாண் விரிகிறது, இருள். அந்தப் பகுதியை மெதுவாக ஓடவிட்டு, புல்லாங்குழலும் சேர்த்துத்தான் வீடியோவைத் தந்தார். சாந்தி அன்ரி அதை ஹெல்காவுக்கும் அனுப்பியிருக்கிறார். ஹெல்கா என்னிடம் முறையாக அனுமதி கேட்டு எழுதினார். தங்கள் கட்டுப்பாட்டு அறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதல்நாளே போட்டுக் காட்டுகிறாராம். மார்கரெட்டும் பார்த்தார். வேலை நிரந்தரமானது. ஆனால் அலுவலகக் கோப்பி மெஷினுக்குக் கிட்ட என்னை விடுவதில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். எந்த விசேசத்திலும் நான் கைபேசியைச் சார்ஜ் போடச் சுவர்ப்பக்கம் திரும்பினால் போதும், யாராவது ஒருவர், "பக்கத்து ஹோலுக்குச் சொல்லிப்போட்டியளோ?" என்று கேட்பார்கள். நடந்தது என்னவென்றே தெரியாத சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்கின்றன. வருடங்கள் கழித்து, அஞ்சலியைக் கட்டப்போகிற பெடியன் முதல்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, வணக்கம் சொன்ன கையோடு அதைத்தான் கேட்டான். அவள்தான் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறாள்.

இப்போதெல்லாம் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. காலையில் குசினிக்குள் போனதும், "கேத்தில் போடப்போறன்," என்று உரத்துச் சொல்வேன். மேல்மாடியிலிருந்து மகள், "ரெடி," என்பாள். குளியலறையிலிருந்து நளாயினி, "ரெடி," என்பாள். அதற்குப் பிறகுதான் கொழுவுவேன்.