நெற்றியில் பூசிய ஐதரசன்

பிள்ளைகளின் படிப்புக்குப் பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி, அவர்களின் பொருட்களில் கை வைக்காமல் இருப்பதுதான். இதை நான் ஒரு விபூதிப் புதனன்று, கோயிலுக்குள் வைத்துக் கற்றுக்கொண்டேன். இப்போதும் கறுப்பாக எதைக் கண்டாலும் நெஞ்சு திக்கென்கிறது. (கோப்பித்தூளையும் சேர்த்துத்தான்.)

முந்திய ஆண்டின் குருத்தோலைகளை எரித்து, அன்று நெற்றியில் சிலுவை போடக் கோயிலுக்குச் சாம்பல் கொடுப்பது என் பொறுப்பு. அந்த முறையும் எரித்து, அரித்து, ஜாம் போத்திலில் போட்டுத் திரு இருதயப் படத்தட்டில் வைத்திருந்தேன்.

மகள் ஜெனிற்றா பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல், இறுதி வருடம். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஐதரசன் எரிபொருள் எடுக்க ஓர் ஊக்கி வேண்டுமாம். வழக்கமாக அது பிளாற்றினம். இவள் பெரியமடுவில் குப்பையாகக் கிடந்த ஊமலை, அதாவது பனங்கொட்டைக் கோதைப் பொறுக்கி, கரியாக்கி, காரத்தில் ஊறவைத்து, திரும்பச் சுட்டு, மாவாக அரைத்திருந்தாள். ஆறு மாத வேலை. வெள்ளிக்கிழமை பரீட்சகர்கள் முன் அது வேலை செய்யாவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

செவ்வாய் பின்னேரம் வீட்டுக்கு வந்தவள், சோதனை நல்லபடி நடக்க வேண்டுமென்று, தூளை அதே தட்டில் வைத்துச் செபித்திருக்கிறாள். அதுவும் ஜாம் போத்தில். (எங்கள் வீட்டில் ஜாம் தின்பது நான். ஆகவே எல்லாப் போத்திலும் ஒன்றுபோலத்தான்.)

புதன் காலை கைக்கு அகப்பட்டதை எடுத்தேன். உள்ளே மை போலக் கறுப்பு. என் சாம்பல் எப்போதும் நரைத்துத் தும்புதும்பாக இருக்கும். அறிவுள்ளவன் என்றால் யோசித்திருப்பான். நானும் யோசித்தேன்: ‘இந்த முறைதான் பதமாக எரித்திருக்கிறேன்.’

“சோக்கா இருக்கு மாஸ்டர்,” என்றார், போத்திலை வாங்கித் திறந்த பாதர். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன்.

பூசையில் நெற்றியில் சிலுவை வாங்கிவந்து பக்கத்தில் இருந்த மகள், அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் நெற்றியைப் பார்த்தாள்.

“அப்பா, எந்தப் போத்திலைக் கொண்டந்தனீங்கள்?”

“தட்டிலை இருந்ததை.”

“தட்டிலை ரெண்டு இருந்தது.”

காரம் தோலை அரிக்கும் என்று அவள் முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. வரிசையில் இன்னும் ஐம்பது பேர், கைக்குழந்தைகளோடு. என் நெற்றி எரியத் தொடங்கிவிட்டது.

“பிள்ளை, சனத்தின்ர நெத்தி வெந்துபோகுமோ?”

“இருவது தரம் கழுவினது. வெறும் கரிதான். அவையளுக்கு ஒண்டும் நடக்காது.” அழத் தொடங்கினாள். “எனக்குத்தான்.”

பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னாலிருந்த அறைக்கு ஓடினோம். பாதர் முழுத்தூளையும் கிண்ணத்தில் கொட்டி, மந்திரித்த தண்ணீரில் குழைத்திருந்தார். நல்லவேளை, பாதிக்கு மேல் மிச்சம்.

“தண்ணிக்கு உப்புப் போட்டு மந்திரிச்சனீங்களோ, பாதர்?” என்று கேட்டாள். உப்பு அவளுடைய அளவீட்டைக் கெடுத்துவிடுமாம்.

“மன்னார்த் தண்ணிக்கு நான் வேறை உப்புப் போடோணுமோ?”

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். எனக்கோ அடுத்த பயம்.

“மந்திரிச்சதை வீட்டை கொண்டு போகலாமோ, பாதர்?”

“அதைப் பிள்ளையிட்டை விடுங்கோ. நீங்கள் போய்ச் சாம்பலைக் கொண்டு வாங்கோ மாஸ்டர். பின்னேரமும் பூசை இருக்கு.”

அன்று முழுவதும் அவள் காய்ச்சி வடித்த தண்ணீரில் அதைக் கழுவிக் கழுவி உலர்த்தினாள். என்னைக் குசினி அடுப்புப் பக்கமே விடவில்லை.

வெள்ளி மத்தியானம் போன் அடித்தபோது, எடுக்கப் பயந்து மனைவியிடம் நீட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். இரண்டு நிமிடம் இருக்கும். எனக்கு ஒரு தவக்காலம் முழுவதும் போனது.

“குமிழ் குமிழா வந்ததாம். பாஸாம்,” என்றாள்.

கதிரை பக்கத்திலேயே இருந்தும் நிலத்தில் குந்திவிட்டேன்.

சனத்தின் நெற்றியில் அந்தக் கரி, சவுக்காரம் போட்டுத் தேய்த்தும் நாலு நாள் அசையவில்லை. கதை கடற்கரைக்குப் போய்விட்டது. இன்றைக்கும் விடத்தல்தீவுப் பக்கம் போனால் படகுக்காரர் மறிப்பார்கள்.

“மாஸ்டர், மகளின்ர சாம்பலிலை கொஞ்சம் தாங்கோவன். எஞ்சினுக்குப் பூசிப் பாப்பம். மண்ணெண்ணெய் மிச்சம்.”

“அவவிட்டைக் கேளுங்கோ.”

“கேட்டனாங்கள். முதல் அப்பாவிலை பூசிப் பாக்கட்டாம், ஓடுறாரோ எண்டு.”