ஒரு சாண் குட்டை

புதுப் பலகை ஒரு சாண் குட்டையாக இருந்தது.

"அளந்துதானே அறுத்தேன்?" அவன் தலையைச் சொறிந்தான்.

"அளந்தீங்களே. நாந்தானே அந்த முனையைப் பிடிச்சிருந்தேன்," என்றாள் மனைவி, முகத்தில் ஒன்றும் காட்டாமல். கம்பத்தில் வைக்க வேண்டிய டேப் முனையை ஒரு சாண் உள்ளே தள்ளிப் பிடித்தவளே அவள்தான்.

ஊர் ஊராகப் போய் உயர உயரக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன் அவன். எப்போதாவது வருவான், உடம்பு வலி ஆறுவதற்குள் கிளம்பிவிடுவான். இந்தத் தடவை தோட்டத்து வேலியில் உளுத்த பலகைகளை மாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். கூட்டாளி சாயங்காலம் வண்டியோடு வருகிறான் என்று காலையிலேயே சொல்லியும் விட்டான். அதற்குள் வேலி முடிந்தால் ஆள் போய்விடும். முடியாவிட்டால் இன்னும் ஒரு ராத்திரி வீட்டில் தூங்கும். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு ராத்திரிதான்.

"கம்பத்தைத் தள்ளி நட்டா சரியாயிடும்," என்று கடப்பாரையை எடுத்தான். கம்பம் அடியில் தூளாகிக் கிடந்தது. ஒரு அசை அசைத்ததும் பக்கத்துப் பலகைகளையும் கூட்டிக்கொண்டு சாய்ந்தது.

"ஸ்க்ரூ டப்பா எங்க?"

"இங்கதானே வெச்சீங்க."

டப்பா அலமாரியில் அவள் துணிகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

அவன் பழைய ஆணியை எடுத்து அடித்தான். பலகை நெடுக்காகப் பிளந்தது. முட்டுக் கொடுத்தான். முட்டு சறுக்கி, மிச்சமிருந்த வேலியும் தரைக்கு வந்தது. பக்கத்து வீட்டு நாய் பலகைகளை மிதித்து வந்து, செடிப்பாத்தி நடுவில் சொந்த வீடு மாதிரி படுத்துக்கொண்டது.

பின்னாலேயே அந்த வீட்டு அக்கா வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஒத்தப் பலகையை மாத்தறேன்னு மொத்த வேலியையும் படுக்க வெச்சாச்சா? இவரு வானத்துல சாரம் கட்டறவராம். எங்க வீட்டுக்காரரை அனுப்பறேன், பொழுது சாயறதுக்குள்ள நிமித்திடுவாரு."

தடுக்க மனைவி அவசரமாக முன்னால் வந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"வேணாங்க்கா. என் வேலையை நானே பாத்துக்கறேன்."

ரோஷக்காரன். அந்த ரோஷம் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் உள்ளங்கையில் சிராய் ஏறியிருந்தது. படியில் உட்காரவைத்து ஊசியால் எடுத்தாள். காய்ப்பேறிய கை. பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

"வலிக்குதா?"

"நீ மெதுவாவே எடு. என்ன அவசரம்."

வாசலில் ஹாரன் அடித்தது. அவன் முகம் செத்துப்போனது.

"நீங்க உக்காருங்க, நான் பேசிக்கறேன்," என்று அவள் ஓட்டமும் நடையுமாக முன்பக்கம் போனாள்.

"அண்ணே, இன்னிக்கு அவரால வர முடியாது. வேலி மொத்தமா விழுந்து கெடக்கு. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க."

கூட்டாளி வண்டியிலிருந்து தகரப் பெட்டி ஒன்றையும் சுருட்டிய படுக்கையையும் இறக்கி அவள் காலடியில் வைத்தான்.

"எங்க கூட்டிட்டுப் போறது தங்கச்சி? வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், இனிமே வீட்டோடதான்னு சொல்லிட்டுல்ல வந்தான், உங்கிட்ட இன்னுமா சொல்லல?"