படிக்காக ஏறிய படி

மேல்கோர்ட்டிலும் தோற்ற அன்றே கண்ணாடிக்கடைக்காரர் சபதம் எடுத்தார்: "நாட்டுலயே பெரிய கோர்ட்டுக்குப் போறேன்!"

குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டுத்தான் எடுத்தார். மனைவி காதில் விழுந்துவிட்டால்?

வழக்கு, பக்கத்து வீட்டு மச்சானோடு, அதாவது மனைவியின் அண்ணனோடு. இரண்டு வீட்டுக்கும் பொதுவில் இருந்த மாடிப்படி தனக்கே சொந்தம் என்று. மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "இன்னொரு தடவை கோர்ட்டுப் படி மிதிச்சீங்க, நான் அண்ணன் வீட்டுக்கே போயிடுவேன்."

வக்கீலிடம் ரகசியமாகப் போனார்.

"புதுசா ரெண்டு சாட்சி இருக்கு சார்."

"அங்க சாட்சியெல்லாம் எடுபடாது. கீழ்க்கோர்ட்டு சட்டத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிச்சான்னுதான் பார்ப்பாங்க. அதுக்கும் முதல்ல அனுமதி கேட்கணும். முக்கால்வாசி மனு வாசல்லயே திரும்பிடும்."

"கேட்போம்."

"வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. வழக்கும் சேர்ந்துதான் போட்டீங்க. அம்மா கையெழுத்துப் போடுவாங்கல்ல?"

"மாட்டா."

"அப்ப அவங்களையும் எதிர்மனுதாரரா சேர்க்கணும். கோர்ட்டு மனுவை விசாரிக்க நினைச்சா, அவங்களுக்கு நோட்டீஸ் போகும்."

தோற்றால் படி போச்சு. ஜெயித்தால் பெண்டாட்டி போச்சு. ஆனாலும் ரோஷம் விடவில்லை; கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் வீட்டு வாசலில் மணி அடித்தாலே, நோட்டீஸ்தானோ என்று அவரே முதலில் ஓடினார்.

"ஏங்க இப்படி வேர்க்குது?"

"வெயில்."

"மழை கொட்டுது!"

விசாரணை நாளும் வந்தது. கடைச் சரக்கு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ரயிலேறினார். கோர்ட்டின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் போன மனுக்களெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் தள்ளுபடி.

அவர் முறை. நீதிபதி காகிதத்தைப் புரட்டினார். "ம்... இதுல ஏதோ சட்டக் கேள்வி இருக்கும்போல இருக்கே. நோட்டீஸ்..."

கண்ணாடிக்கடைக்காரர், 'ஐயா, என்னைத் தோற்கடிச்சிருங்க' என்று மனசுக்குள் கும்பிட்டார்.

அப்போது ஒரு பெண் வக்கீல் எழுந்தார். "நோட்டீஸ் வேண்டாங்க. எங்களைக் கேட்காம உத்தரவு போடக்கூடாதுன்னு மனைவி தரப்புல முன்கூட்டியே கேவியட் போட்டிருக்கோம். படி பொதுப்படிதான்னு அவங்களே ஒத்துக்கறாங்க."

நீதிபதி சிரித்தார். "கூட வழக்குப் போட்டவங்களே ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் என்ன கேள்வி? தள்ளுபடி."

வெளியே தாழ்வாரத்தில் மனைவி நின்றிருந்தாள்.

"நான் மனுப் போட்டது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"முதல்ல தெரியாது. மேல்கோர்ட்டுல தோத்த மறுநாளே கேவியட் போட்டுட்டேன். நீங்க மனுப் போட்டதும் கோர்ட்டுலேர்ந்தே தகவல் வந்துச்சு," என்றாள் அவள். "எனக்குச் சட்டம் தெரியாதுங்க. உங்களைத் தெரியும்."