அஜிஷாவுக்குக் கிடைத்த இடம்

இன்னும் நாற்பத்தொரு ரேங்க் முன்னால் வந்திருந்தால் அஜிஷாவுக்கு மெடிக்கல் காலேஜ் கிடைத்திருக்கும். கிடைத்ததோ பல் டாக்டர் சீட்டு. சேரக் கடைசி நாள் அடுத்த புதன்கிழமை, மாலை நாலு மணி.

"பல்லும் உடம்புல உள்ளதுதானே அப்பா. நான் சேந்துடுதேன்" என்றாள் அவள்.

"பல்லு நாளைக்கே விழுந்து போற சாதனமாக்கும்" என்றார் சுந்தரதாஸ்.

கேரள எல்லையோரத்துச் செங்கல் ஊரில் யார் வீட்டுத் தண்ணீர் மோட்டார் பழுதானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்த மோட்டாரையும் திறந்து பார்க்காமல் அவர் தீர்ப்புச் சொன்னதில்லை. தன் மகளை ஒரு கம்ப்யூட்டர் முகம்கூடப் பார்க்காமல் தள்ளிவிட்டதே என்பதுதான் அவருக்கு ஆறவில்லை.

"ரேங்கு, நேட்டிவிட்டி சர்டிபிகேட்டு, சாதி சர்டிபிகேட்டு. இதுல ஆளு எங்க உண்டு? ஒரு மனுசன் இருந்து வாசிச்சு முடிவு எடுக்கண்டாமா?"

"லெட்டர் எழுதி சீட்டு வாங்குத காலம் போச்சு. எல்லாம் ஆன்லைனாக்கும்."

அதனால் மெடிக்கல் காலேஜுக்கு அவளுக்குத் தெரியாமல் ஒரு கடிதம் எழுதினார்.

எல்லைக்கு அப்புறம், தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர் அவர். மலையாளம் வாயிலிருந்து அருவியாகக் கொட்டும். வாசிக்கச் சொன்னால் பஸ் போர்டோடு நின்றுவிடும். ஆகவே கடிதம் தமிழில். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி எழுதினார். மதிப்பெண்களைப் பாடவாரியாக அடுக்கினார். வெறும் எண்களாக முடிந்தால் நன்றாயிராது என்று கடைசியில் நெஞ்சைத் தொடும்படி இரண்டு வரி சேர்த்தார்:

"பதினெட்டு வயது நிரம்பிய என் மகள், தன் உடல், பொருள், ஆவி அனைத்தையும் தங்கள் கல்லூரிக்கே அர்ப்பணிக்கச் சித்தமாயிருக்கிறாள். அவளைத் தாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்."

நாலாம் நாள் பதில் வந்துவிட்டது. ஓர் அரசாங்க ஆபீஸ் நாலே நாளில் பதில் போட்டதை நினைத்து அவருக்கே நம்ப முடியவில்லை. முழுக்க மலையாளம். எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு வரியைப் பிடித்தார்: 'அபேக்ஷ ஸ்வீகரிச்சு.' விண்ணப்பம் ஏற்கப்பட்டது! கூடவே ஒரு ஃபாரம். அடியில் ஒரு போன் நம்பர்.

திங்கட்கிழமை காலை கூப்பிட்டார். எடுத்தவள் பிரசீதா என்ற கிளார்க்.

"அஜிஷாவுக்க அப்பா பேசுதேன்."

"ஓ… சேட்டனா?" அந்தக் குரல் சட்டென்று தாழ்ந்தது. "தமிழ் தெரிஞ்ச ஒராள் வாசிச்சுச் சொன்னார். இங்க எல்லாருக்கும் கண்ணு நெறஞ்சு போச்சு. எத்ர பெரிய மனசு!"

சுந்தரதாசுக்குப் பெருமை தாளவில்லை. "பிள்ளைய எப்பம் கொண்டு வரணும்?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "மோளு இப்போ எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கா. இப்பந்தான் கஞ்சி குடிச்சா."

"அப்போ அவசரம் ஒண்ணும் இல்லல்லோ, சேட்டா."

"அவசரம் உண்டு. புதன்கிழமை நாலு மணிக்குள்ள எல்லாம் முடியணும்."

"நேரம்கூடச் சொல்லிட்டாங்களா? டாக்டரா சொன்னார்?"

"கம்ப்யூட்டர்ல வந்தது."

"தெய்வமே!" என்றாள் பிரசீதா.

நல்ல பக்தியுள்ள ஆபீஸ் என்று அவர் நினைத்துக்கொண்டார். "தங்குததுக்கு?"

"இடம் உண்டு. நல்ல தணுப்பு, ஐஸ் மாதிரி."

"பாயி, பெட்டி?"

"ஒண்ணும் வேண்டாம்."

"ஓணத்துக்கு வீட்டுக்கு விடுவியளா?"

நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்டது. "திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இல்ல, சேட்டா. அந்த ஃபாரத்துல சொந்தக்காரங்க ரெண்டு பேர் ஒப்பு போடணும். பின்னால யாரும் வந்து தகராறு பண்ணக்கூடாதில்லையா? அதுவரைக்கும் மோளைத் தனியா விடாதீங்க."

"மக்கா, இங்க ஓடி வா" என்று மகளைக் கூப்பிட்டு, போனை அவள் காதருகே நீட்டினார். "மேடம், பேரு சேத்தாச்சுல்லா? ஒருக்கா கூடிச் சொல்லுங்க."

"சேர்த்தாச்சு. ரெஜிஸ்டர்ல அஜிஷான்னு எழுதியாச்சு." அந்தக் குரல் உடைந்து, போன் அணைந்தது.

அஜிஷா போனை வாங்கி லிஸ்டைத் திறந்து பார்த்தாள். "லிஸ்டுல என் பேரு இல்லியே அப்பா. அவிய எதுக்கு அழுதாவ?"

"லிஸ்டு இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. ரெஜிஸ்டரு மாறாதுல்லா. ஏத்துக்கிட்டோம்னு அவிய லெட்டரே போட்டாச்சு."

"லெட்டரக் காட்டுங்க."

"ஃபாரத்தோட கவருல போட்டு ஒட்டியாச்சு. அங்க வந்து பாத்துக்கோ." உண்மையில் அவரும் மனைவி சௌதாமினியும் இனிமேல்தான் ஒப்பு போட வேண்டியிருந்தது. சௌதாமினி பேனாவை எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தாள்.

"பிள்ளையத் திரிச்சுத் தரமாட்டோம்னு எந்தக் காலேஜு சொல்லும்?"

"கடைசிவரை வச்சுப் படிப்பிப்பாவன்னு அர்த்தம். போடு பிள்ளே."

போட்டாள்.

புதன்கிழமை அப்பாவும் மகளும் உதியன்குளங்கரையில் பஸ் ஏறினார்கள். பல் காலேஜ் ஸ்டாப் வந்தபோது அஜிஷா சர்டிபிகேட் ஃபைலோடு பாதி எழுந்தாள். சுந்தரதாஸ் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பஸ் அந்த வாசலைத் தாண்டிப் போவதை அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மெடிக்கல் காலேஜ் வாசலில் பிரசீதாவின் பெயரைச் சொன்னதும் செக்யூரிட்டி தொப்பியைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் கை காட்டினார்.

பின்பக்கக் கட்டடத்தில் நீண்ட வராந்தா. அந்த வெயில் நேரத்திலும் உள்ளே கார்த்திகை மாதக் குளிர். மூக்கை அரித்துக் கண்ணில் நீர் வரவைக்கும் ஒரு மணம். சேர வந்த பிள்ளைகள் கூட்டமில்லை, பெற்றோர் இல்லை, வரிசையும் இல்லை. எங்கேயோ ஒரு குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, போயிருவோம். இப்பம் போனா நாலு மணிக்குள்ள அங்க சேந்துடலாம்."

"இவ்வளவு அமைதியான காலேஜு உனக்குப் பிறகு கிடைக்குமா மக்கா?"

மணி மூன்று பத்து. கோடிக் கதவு திறந்து, கையில் ரப்பர் உறையோடு ஓர் அட்டெண்டர் வந்தார். பிரசீதா லீவு என்றார். கவரைப் பிரித்து, ஃபாரத்தைப் பார்த்து, ரெஜிஸ்டரில் விரலை ஓட்டினார்.

"அஜிஷா. பதினெட்டு வயசு. ஆமா, உண்டு." உறையைக் கழற்றித் தலை குனிந்தார். "வண்டி வெளிய நிக்குதா? ஆளு எங்க?"

"இந்தா நிக்காளே."

அட்டெண்டர் நிமிர்ந்தார். அஜிஷாவைத் தலை முதல் கால் வரை பார்த்தார். கால்களை இன்னொரு முறை பார்த்தார். இரண்டு அடி பின்வாங்கி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"படிக்கச் சேர்றது அடுத்த கட்டடம், அண்ணாச்சி. இது உடல் தானம் வாங்குற இடம்… இங்க சேந்தவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் நடந்து வந்ததில்ல!"